கலாராணி மிஸ் எழுதச் சொன்ன பூச்சியம்

அவைத்தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அப்புத்தளையிலும் எல்லவிலும் இருந்து மழையோடு மழையாக வந்திருக்கும் உறவுகளே, கலாராணி மிஸ்ஸிடம் படித்தவர்களே! முன்வரிசையில் இருக்கும் மாரியாயி அக்காவுக்குத் தனியாக என் வணக்கம். ஏன் தனியாக என்று சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

பதுளையில் பதினெட்டு ஆண்டுகள் கட்டுப்பாட்டுப் பொறியியல் கற்பித்த விரிவுரையாளர் கலாராணி அம்மையாரை இழந்து நிற்கிறோம். அவரைப் புகழப் பலர் இருக்கிறார்கள். அவரோடு ஒரே ஆய்வுகூடத்தில் வேலை செய்த கிருஷ்ணராஜ் நான். நான் என் தவறைச் சொல்லப் போகிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை உலர்த்தும் டிரையரின் சூட்டைக் கணினி வழியே கட்டுப்படுத்தும் வேலை எங்கள் இருவருக்கும் கிடைத்தது. அடுப்பைக் கூட்டினால் சூடு எப்படி எழும் என்பதை மென்பொருளுக்குச் சொல்லும் கணித வடிவம்தான் பரிமாற்றச் சார்பு. அதன் உறுப்புகளின் எண்களை, அதாவது குணகங்களை, பெரிய அடுக்கிலிருந்து வரிசையாகத் தட்ட வேண்டும். ஓர் உறுப்பு இல்லையென்றால் அதன் இடத்தில் பூச்சியம் வைக்க வேண்டும். எங்கள் சார்பின் கீழ்வரிசையில் எஸ் என்ற மாறியின் வர்க்கம் இருந்தது, எஸ் இருந்தது, தனி எண்ணான மாறிலி இல்லை. இல்லாததை எதற்கு எழுதுவது என்று விட்டுவிட்டேன். மென்பொருள் முனகவும் இல்லை. எஸ் வர்க்கத்தின் எண்ணை எஸ்ஸுக்கும், எஸ்ஸின் எண்ணை மாறிலிக்கும் கொடுத்து, திரையில் அழகான வளைவு ஒன்றை வரைந்தது. மிஸ்ஸும் அந்த வளைவைப் பார்த்துக் கையெழுத்திட்டார்.

அந்த வளைவை நம்பி ஓட்டிய டிரையரில் தேயிலைத் தூள் கருகியது. பழி யார் மேல் விழுந்தது? டிரையர் அருகே நின்ற மாரியாயி அக்கா மேல்! வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "நான் கை வைக்கலைங்க. சூடு தானா ஏறுது, தானா எறங்குது" என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். யார் கேட்டார்கள்? நான் கேட்டேனா?

மிஸ் கேட்டார். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு என் கோப்பைத் திறந்து, ஒவ்வோர் அடுக்காக விரல் வைத்து வாசித்தார். கடைசியில் விரல் நின்றது. மென்பொருள் கோளாறு என்று எழுதிவிடலாமா என்று கேட்டேன். வெட்கத்தோடு சொல்கிறேன், கேட்டேன்.

"மென்பொருள் நாம சொன்னதத்தான் செஞ்சிச்சு, கிருஷ்ணராஜ். பூச்சியத்த விட்டது நீங்க, வாசிக்காம கையெழுத்துப் போட்டது நான். தொழிற்சாலைய நடத்துற தொரைக்கிட்ட போய்ச் சொல்லுவோம், வாங்க."

போனோம். அந்த வேலை எங்கள் கையை விட்டுப் போனது. மாரியாயி அக்கா மறுவாரம் டிரையருக்குத் திரும்பினார். அன்றிலிருந்து மிஸ் ஒரு வழக்கம் வைத்தார். எந்தச் சார்பையும் ஒருவர் தட்டும்போது, இன்னொருவர் தாளைப் பார்த்துப் பூச்சியங்கள் உட்பட உரக்க வாசிக்க வேண்டும். இயந்திரத்தின் அருகே நிற்பவர் சொல்வதையும் அதே கோப்பில் எழுதி வைக்க வேண்டும்.

அந்த வழக்கம் எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு நாளும் நிற்காது. அம்மையாரின் முன்னால் தலைகுனிந்து நான் தரும் வாக்கு இது.

ஆய்வுகூடத்தில் அவருடைய நாற்காலியை எடுத்துவிட்டு மற்றவற்றை நெருக்கிப் போடலாமா என்று நேற்றுக் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். இல்லாதவரின் இடத்தை மூடிவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மாரியாயி அக்காவுக்கும் தெரியும்.