ஆர்த்தூருக்கு வாசிக்காத பக்கம்

போர்த்துக்கேய மொழியை வாசிப்பது அப்படியொன்றும் கடினமில்லை. மன்னாரில் எங்கள் வீட்டுப் பெயரே குரூஸ் என்ற போர்த்துக்கேயப் பெயர்தான். போர்த்துக்கேயரான ஆர்த்தூரின் வீட்டில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்த பிறகு, அவர் திருத்தத் திருத்த, அவருடைய வாராந்தச் செய்திச் சஞ்சிகையைச் சத்தமாக வாசிக்கவும் விளங்கிக்கொள்ளவும் பழகிவிட்டேன். அவருக்குக் கண் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் டன்டாஸ் வீதிப் பேக்கரியில் பாணும் சஞ்சிகையும் வாங்கி வருவேன். முதலில் மரண அறிவித்தல்கள், பிறகு உதைபந்தாட்டம். தெரிந்த பெயர் வந்தால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்.

நான் அந்த வீட்டின் பேஸ்மென்றில்தான் இருந்தேன். என் மகள் றஜிதா பிறம்ரனில் இருக்கிறாள். ஞாயிறுகளில் போன் எடுப்பாள். "அம்மா, இந்தக் கிழமையும் வரேலாது. பிள்ளையளுக்கு ஸ்விமிங். அடுத்த கிழமை பாப்பம்."

"ஓம் பிள்ளை, பரவாயில்லை" என்பேன்.

குறையாகச் சொல்லவில்லை. ஆர்த்தூர் நான் ஊட்டாமல் ஒரு வாய் சூப் குடிக்கமாட்டார் என்பதற்காகச் சொல்கிறேன்.

போன ஒக்டோபரில் சஞ்சிகையின் நடுப்பக்கத்தில் அவருடைய இளவயதுப் படம் வந்திருந்தது. போர்த்துக்கேயத் தீவுகளான அசோரஸிலிருந்து லூர்தஸ் என்ற பெண் தன் தகப்பனைத் தேடுகிறாள். கோபத்தில் பிரிந்தோம், மன்னிப்புக் கேட்க வேண்டும், தெரிந்தவர்கள் அறியத் தாருங்கள் என்று எழுதியிருந்தாள். மனதுக்குள் வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். வயதான மனிதரைத் திடீரென்று கலக்கக் கூடாது.

அறிவித்தல் தொடர்ந்து வந்தது. டிசம்பரில் நத்தார் நெருங்கியபோது அவரே என் கையைப் பிடித்தார்.

"பேர்ணடெற், எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். சஞ்சிகையில் போட்டுத் தேடலாமா?"

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அனுப்பவில்லை. அதன்பின் ஒவ்வொரு வெள்ளியும் "பதில் வந்ததா?" என்று கேட்டார். காத்திருப்பது மனிதரை எப்படி அரிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே பெப்ரவரியில் ஒருநாள் யாரோ ஒரு பெண்ணின் மரண அறிவித்தலை வாசித்தேன். பெயரையும் ஊரையும் மட்டும் லூர்தஸுடையதாக மாற்றினேன்.

அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அன்று மாலை என்னை முதல் தடவையாக 'ஃபில்யா' என்றார். மகளே என்று அர்த்தம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. கரண்டியை நீட்டினால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். உண்மையைச் சொல்லியிருந்தால் சாப்பிட்டிருப்பார்தான். ஆனால் அவள் வந்து கூட்டிப்போயிருப்பாள். டொக்டரிடம் முதுமை என்றேன்; அவரும் ஒப்புக்கொண்டார். பெரிய வெள்ளிக்கு முன்பே ஆர்த்தூர் போய்விட்டார்.

அவருடைய மரண அறிவித்தலை நானே சஞ்சிகை அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கிருந்த பெண் பெயரைப் பார்த்ததும் பழைய இதழ்களைப் புரட்டினாள். லூர்தஸுக்குத் தகவல் போனது. அடக்கத்துக்கு அவள் வந்து சேரவில்லை. பிறகுதான் வந்தாள். அவர் கட்டிலருகே இருந்த சஞ்சிகைகளை எடுத்துப் பார்த்தாள்.

"என் அறிவித்தலை அவருக்கு வாசித்தீர்களா?"

"ஒவ்வொரு கிழமையும் வாசித்தேன். அவர்தான் பதில் அனுப்ப வேண்டாம் என்றார்" என்றேன்.

அவள் கட்டிலில் முகம் புதைத்து அழுதாள். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். வராமல் இருந்த மகளிடம் யாராவது ஒருநாள் அப்படிச் சொல்லத்தானே வேண்டும்.