கொல்லம் இஞ்சினுக்குப் போன காப்பி டம்ளர்

எங்க வீட்டு அவுக அறுத்தே போட்டுட்டாக யக்கா! எங்கம்ம எனக்குச் சீதனமாத் தந்த பித்தள டம்ளரு. உள்ள ஈயம் பூசி, வெளிய புளி போட்டுத் தேச்சு, மூஞ்சி பாக்குத மாதிரி வச்சிருந்தேன். அத அரத்த வச்சுக் கரகரன்னு ராவி, அடிப்பாகத்த எடுத்து இஞ்சினுக்குப் புகக்கொழல்னு ஒட்டியாச்சு! மிச்சப் பாதி என்னத்துக்கு ஆகும்? அதுல காப்பி ஊத்துனா நேரா மடிக்குத்தான் போவும். ஒண்ணோட விட்டாகளா? மொதல் டம்ளரு கோணலாப் போச்சாம், அதனால ரெண்டாவதையும் அறுத்தாக!

அதான் உங்ககிட்ட ரெண்டு டம்ளர் கேக்கலாம்னு வந்தேன். நீங்கதான இந்த வீட்டுக்குப் புதுசாக் குடி வாரது? வீட்டுச் சொந்தக்காரரு கோயில்பிள்ள சொன்னாரு, இன்னைக்கு ஆள் வருதுன்னு. வீடு பூட்டித்தான கெடக்கு... சாவி வரணுமாக்கும், அதான் படியில உக்காந்திருக்கிய. நல்லதாப் போச்சு, நானும் செத்த உக்காருதேன். அந்த ஓலப்பெட்டியக் கொஞ்சம் தள்ளி வையுங்க. ம்ம்... கருப்பட்டி வாசம்! சாமானெல்லாம் பின்னால வண்டியில வருதோ? பைய வரட்டும்.

என்ன இஞ்சினா? ஐயோ, அத ஏன் கேக்கிய!

எங்க வீட்டு அவுக மிஷன் பள்ளிக்கூடத்துல வாத்தியாரு. இஸ்ரவேல் வாத்தியார்னா பாளையங்கோட்ட முழுக்கத் தெரியும். கணக்குத் தப்பாப் போட்டா காதத் திருகுவாக, அதனால தெரியும். போன கிறிஸ்மசுக்கு, கொழும்புக்குப் போய் வார அசன் மைதீன் பாய்ட்ட ஒரு பொம்ம இஞ்சின் வாங்குனாக. செர்மன்காரன் செஞ்சதாம். செர்மன்காரன் செஞ்சா என்ன, தகரம் தகரந்தான! மட்டச் சரக்கு. பச்சப் பெயிண்டு, நாலு செவப்புச் சக்கரம், ஈக்குச்சி மாதிரி ஒசரமா ஒரு புகக்கொழல். மேல கூர கெடையாது, ஒண்ணும் கெடையாது. ஆனா யக்கா, வயித்துல தண்ணிய ஊத்தி அடியில திரிவெளக்கப் பொருத்துனா, கொஞ்ச நேரத்துல புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விட்டுக்கிட்டு... ஓடும்! கூடத்தச் சுத்திச் சுத்தி ஓடும். எம் மக யூனிஸு, கல்யாண வயசுப் பிள்ள, கையத் தட்டிச் சிரிப்பா. நானும் சிரிச்சேன், பொய் என்னத்துக்கு.

திரிவெளக்குக்கு எண்ண ஆகாதாம், சாராயந்தான் வேணுமாம். கேட்டியளா கதைய! இவுக மது விலக்குச் சங்கத்துல பேரு குடுத்தவுக. அஞ்சாறு பேரு பாக்க, கையில குப்பியோட சாராயக்கட வாசல்ல போயி நின்னிருக்காக. 'இஞ்சினுக்கு, இஞ்சினுக்கு'ன்னாகளாம். எந்தக் குடிகாரன்தான் தனக்குன்னு வாங்குவான்? அடுத்த ஞாயித்துக்கெழமையே பாதிரி ஐயரு பிரசங்கத்துல குடியப் பத்திப் பேசுதாரு, இவுக மூஞ்சியவே பாத்துக்கிட்டு. நான் தலையில முந்தானையப் போட்டவ எடுக்கவே இல்ல.

சரி, அதுவரைக்கும் போகட்டும். திடீர்னு அத மாத்தணும்னு உக்காந்துட்டாக யக்கா! பச்ச இஞ்சின் ஆகாதாம். கொல்லத்துக்கு மலையேறிப் போவுதுல்லா, புதுசா விட்டிருக்காம்லா, அந்த வண்டியோட இஞ்சின் மாதிரி ஆக்கணுமாம். நாயக் கொண்டாந்து ஆனையாக்குத வேல! அந்த இஞ்சின் கறுப்பா, குட்டப் புகக்கொழலோட, ரெண்டு பக்கமும் தண்ணித்தொட்டி வச்சு, எரும மாதிரி இருக்கும். அதப் பாத்துப் படம் எழுதிட்டு வாரேன்னு பள்ளிக்கூடத்துச் சிலேட்டத் தூக்கிக்கிட்டு டேசனுக்குப் போனாக. ஒரு பக்கம் எழுதுததுக்குள்ள வண்டி கெளம்பிட்டு. மறுபக்கம் எப்படி இருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் அவுகளுக்குத் தெரியாது.

அப்புறம் எங்க வீட்டுல ஒரு சாமான் தப்பல யக்கா. புகக்கொழலுக்கு டம்ளரு. மேல கும்முன்னு ஒண்ணு இருக்குமாம், அதுக்கு நான் தைக்கும்போது விரல்ல மாட்டுத பித்தள மூடி. தண்ணித்தொட்டிக்குப் பிஸ்கோத்து டப்பா. அதுல ஒரு துரைசானி படம் இருந்துச்சு. வெளக்குக் கரிய வார்னிசுல கொழச்சு மேல அடிச்சும், அவ மூக்கு மட்டும் இன்னும் வெளிய தெரியுது. முன்னால மாடு வந்தா ஒதுக்கித் தள்ளுததுக்கு ஒண்ணு வைப்பாம்லா, அதுக்கு என் பேன்சீப்பு! சிரிக்காதிய. வயித்தெரிச்சல்ல சொல்லுதேன். சக்கரம் ஆறு வேணுமாம், இருக்கது நாலு. கோட்டுல இருந்த பித்தானப் பிச்சு ஒட்டிட்டாக. அது தரையில படாது, அந்தரத்துல நிக்கும். இவுக கோட்டுக்கு ஊக்கு மாட்டிக்கிட்டுக் கோயிலுக்கு வாராக.

ஈயம் வச்சு ஒட்டுததுக்கு ஒரு பாய் வந்தாரு. திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, 'வாத்தியாரே, இதுல டீத்தண்ணி எந்தப் பக்கமா ஊத்தணும்?'னு கேட்டாரு பாருங்க! இவுகளுக்கு வந்த கோவத்த நீங்க பாத்திருக்கணும்.

எல்லாம் முடிஞ்சு, சும்மா சொல்லக்கூடாது, தள்ளி நின்னு கண்ணச் சுருக்கிப் பாத்தா கொல்லம் இஞ்சின் மாதிரியேதான் இருக்கு. வெளக்கப் பொருத்துனாக. தண்ணி கொதிச்சுது. புஸ்ஸுங்குது, நடுங்குது, ஊளையிடுது... நவரமாட்டேங்குது! ஒட்டுன கனம் தாங்கல. யூனிஸு பாத்துட்டு, 'எம்மா, ஓடிக்கிட்டிருந்தத நிறுத்திட்டியளே'ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகல.

எதுக்கு மாத்தணும்னா கேக்கிய? நல்லாக் கேட்டிய. இவுக சொன்னாத்தான! மாத்தியே ஆகணும், வேற வழி இல்லேன்னு... சரி, நான்தான் மாத்தச் சொன்னேன்னு வையுங்களேன். பொம்பள ஆயிரம் சொல்லுவா, ஆம்பள யோசிக்க வேண்டாமா? என் டம்ளர அறுங்கன்னா சொன்னேன்?

விசயம் இதுதான். சனிக்கெழம யூனிஸப் பாக்க மாப்பிள்ள வீட்டுக்காரக வாராக. மாப்பிள்ள பேரு ஞானசிகாமணி, சொந்த ஊரு நாசரேத்து. மணியாச்சி டேசன்ல கிளார்க்கு. இந்த எடத்தக் கொண்டாந்தது உபதேசியார் வீட்டு சாலோமி. அவ கோயில் வாசல்ல வச்சு, 'பையன் ரயில் உத்தியோகம், பெரிய எடம் பாக்காக, உங்க பக்கம் சொல்லிக்கிடுத மாதிரி யாரு இருக்கா?'ன்னு இழுத்தா. என் வாய் சும்மா இருக்குமா? 'யூனிஸோட தாய்மாமன், எந்தம்பி சுவிசேஷமுத்து, கொல்லம் மலவண்டிக்கு டிரைவராக்கும்'னுட்டேன்! அதோட நிறுத்துனேனா? 'வெள்ளக்காரனுக்குச் சமமா ஓட்டுதான்னு கம்பெனியே மெச்சி, அவன் ஓட்டுத இஞ்சின் மாதிரியே ஒண்ணு செஞ்சு குடுத்திருக்கு. எங்க கண்ணாடி அலமாரியில இருக்கு'ன்னேன். சொல்லணும்னு சொல்லல யக்கா... வந்துட்டு!

சாலோமி ஒண்ணுக்குப் பத்தா அங்க சொல்லிட்டா. 'அப்படியா, அந்த இஞ்சினப் பாக்கணுமே'ன்னு மாப்பிள்ளையே ஆசப்படுதானாம். வேற உத்தியோகக்காரன்னா எதக் காட்டுனாலும் தலையாட்டிட்டுப் போவான். இவன் ரயில்காரன்லா? பச்சப் பெயிண்டக் கண்டா சிரிச்சிர மாட்டானா?

தம்பியா? தம்பி நெசமா என்ன செய்யுதான்னா கேக்கிய? ஏன் யக்கா அவனப் பத்தியே கேக்கிய... செங்கோட்டையில இருக்கான். ரயில்லதான் இருக்கான், அது பொய் இல்ல. இஞ்சினுக்குக் கரி அள்ளிக் குடுக்கான். ஓடுத இஞ்சினுக்கு இல்ல, நிக்குத இஞ்சினுக்கு. அதனால என்ன, உத்தியோகம் உத்தியோகந்தான! அவன் இந்தச் சங்கதியக் கேட்டுட்டு, சனிக்கெழம நான் வரவே மாட்டேன்னு ஆள்ட்டச் சொல்லிவிட்டுட்டான். கரி அள்ளுத பயலுக்கு ரோசத்தப் பாருங்க.

என்ன யக்கா, எந்திரிச்சிட்டிய? சாவி வரலியே. வண்டியும் வரல... ஏன், ஒண்டியாவா குடி வாரிய? சாமான் கெடையாதா?

இந்த வீட்டுக்கு வரலியா? பெறகு இங்கன எதுக்கு உக்காந்திருந்திய? வெயிலுக்கா... எந்த ஊருன்னிய? நாசரேத்தா?

நாசரேத்துல... யாரு வீடு?

ஆண்டவரே! ஞானசிகாமணிக்கு அத்தையா நீங்க?

விசாரிக்க வந்தியளாக்கும்! ஐயோ, எனக்குத் தெரியாதா? பொண்ணப் பாக்க வாரதுக்கு முன்னால, குடும்பம் எப்படின்னு அக்கம்பக்கத்துல பைய விசாரிக்க ஒரு பொம்பள வருவா. நானே எத்தன வீட்டுக்கு விசாரிக்கப் போயிருக்கேன்! பக்கத்து வீட்டுல உக்காந்து வாயக் கிண்டுதது என் வேலல்லா! இன்னைக்கு அக்கம்பக்கத்துக்குச் செரமம் குடுக்காம, நானே வந்து உக்காந்து முழுசாச் சொல்லிட்டேனே!

யக்கா, போகாதிய. நில்லுங்க. நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன், தம்பி டிரைவருதான்... இல்ல. இல்ல யக்கா, பொய்தான். எல்லாம் பொய்தான். ஆனா எம் மக பொய் சொல்ல மாட்டா. இந்தச் சங்கதிக்கும் அவளுக்கும் ஒட்டு ஒறவே கெடையாது. என் வாய்க்கு அவளத் தண்டிச்சிராதிய. போன எடமும் என் வாயாலதான் போச்சு, இதுவும் போச்சுன்னா அவ மொகத்த நான் எப்படிப் பாப்பேன்? இந்தா, உங்க கையப் பிடிச்சுக் கேக்குதேன்.

ஏன் சிரிக்கிய? அழுதவளப் பாத்துச் சிரிக்கலாமா?

என்னது... நீங்களும் பயந்துக்கிட்டேதான் வந்தியளா? எதுக்குப் பயம்? டிரைவர் வீடுன்னா எல்லாத்தையும் துருவித் துருவிக் கேப்பாகன்னா... எதத் துருவ?

மாப்பிள்ள கிளார்க்கு இல்லியா?

வெளக்குக்காரனா! டேசன் வெளக்குக்கெல்லாம் எண்ண ஊத்தி, திரி கத்தரிச்சு, ஏணி போட்டு ஏத்துதவனா! அடப்பாவிகளா! இப்படியா ஒரு குடும்பத்த ஏமாத்துவிய? கோயிலுக்குப் போறவுகதான நீங்க? ஒரு பொண்ணோட வாழ்க்கன்னு நெனக்க வேண்டாமா? வாய் கூசாமக் கிளார்க்குன்னு சொல்லிருக்கிய! எங்க வம்சத்துல ஒருத்தர் ஒரு பொய்...

சரி. சரி, சிரிக்காதிய. நானும் சிரிச்சிருவேன்.

யக்கா, இப்படிக் கிட்ட வாங்க. நமக்கு ரெண்டு பேருக்குந்தான தெரியும்? பையன் குடிக்க மாட்டாம்லா? கை நீட்ட மாட்டாம்லா? அது போதும், வெளக்குன்னா என்ன, வெளிச்சந்தான வருது. நீங்க அந்த இஞ்சினப் பாத்து, அப்படியே கொல்லத்து இஞ்சின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நாங்க மாப்பிள்ளைய அப்படியே கிளார்க்குன்னு சொல்லுதோம். ஒண்ணு மட்டும், அவன் ஆசப்பட்டு இஞ்சின ஓட்டிக் காட்டுங்கன்னா விட்டிராதிய. நாங்களும் அவன ஒரு கணக்கும் எழுதச் சொல்ல மாட்டோம்.

போய்ட்டு வாங்க. வெயிலாருக்கு, மரத்தோரமாப் போங்க...

யக்கா! யக்கோவ்! சனிக்கெழம வரும்போது, யாருக்கும் தெரியாம அந்த ஓலப்பெட்டியில ரெண்டு டம்ளர் வச்சுக் கொண்டாந்திருங்க! உங்க மாப்பிள்ளைக்குக் காப்பி குடுக்கத்தான்!