மஞ்சட்டுணி கட்டிய ஜவாஹிர் அவர்களுக்கு

அரிப்புக் கிராமக் கரையின் அரும்பணியாளர்! பூவறிந்து, பொழுதறிந்து, புழுதித் தடமெங்கும் நடந்த பொறுமையாளர்! எருக்கலம்பிட்டி ஈன்ற எளிமையாளர், விவசாயப் போதனாசிரியர், ஜனாப் ஜவாஹிர் அவர்கள்!

இவர் பெயரை அறியாதார் இத்தோட்டவெளியில் இல்லை. பழக்கங்களை அறியாதாரும் இல்லை. விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் சீனியில்லாத தேநீரை நின்றபடியே குடித்துவிட்டுச் சைக்கிளை எடுப்பார். தோட்டவெளியின் வாயிற்கம்பத்தில் ஒரு மஞ்சட்டுணியைக் கட்டுவார். பூசணிப் பூவும் வத்தகைப் பூவும் விடியலில் விரிந்து, வெயிலேறக் கூம்பிவிடுவன. துணி தொங்கும்வரை தேனீக்கள் பூவிலிருக்கின்றன, பூச்சிக்கு அடிக்கும் கிருமிநாசினி மிசினை எவரும் எடுக்கலாகாது என்பது அதன் பொருள். நண்பகலில் மீண்டும் வந்து அவிழ்த்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்.

"என்னை முன்னுக்கு இருத்தி வச்சு, நீங்கள் நீங்கள் எண்டு முகத்துக்கு நேர வாசிக்காதேங்கோ, எனக்குக் கூச்சம்" என்று அவர் கேட்டுக்கொண்டமையால், எம் விவசாய நிலையத்தின் இப்பிரியாவிடை மடல் அவரைப் பற்றிச் சபையோருக்கு உரைப்பதாகவே அமைகின்றது. இன்னொன்றையும் கேட்டார்: "நான் விட்ட பிழையையும் எழுதுங்கோ. இல்லாட்டி அந்தக் கண்ணாடி போட்ட மடல் எனக்கு வேண்டாம்."

ஆகவே எழுதுகின்றோம். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்த முதற்போகத்திலே, கிருமிநாசினியை விடியலில் அடிக்கும்படி ஊராருக்குச் சொன்னவர் இவரேதான். ஒன்பது மணிக்குமேல் கடற்காற்று எழுந்து மருந்தை அள்ளிக்கொண்டு போகும், விடியலிலோ காற்றில்லை. காற்றைக் கணித்தார், பூவைக் கணிக்க மறந்தார். மூன்றாம் வாரம், தோட்டக்காரி லூர்தம்மா அவர்கள் ஒரு துவாய் நிறைய மஞ்சளித்த பிஞ்சுகளைக் கொணர்ந்து இவர் மேசையிற் கொட்டினார்.

"சேர், நீங்கள் சொன்ன நேரத்துக்குத்தான் அடிச்சனாங்கள். பூச்சியும் செத்துது, தேனீயும் செத்துது. இப்ப பூக்குது, காய்க்குதில்லை. இதை என்ன செய்யிறது, சோத்துக்கு ஆணமா காய்ச்சிறது?"

வேறொருவராயின் விதையைக் குறை சொல்லியிருப்பார். மழையைக் குறை சொல்லியிருப்பார். இவர் எழுந்து லூர்தம்மாவுடனே நடந்தார். அப்போகம் முடியும்வரை விடியல்தோறும் ஆண்பூவைக் கிள்ளி, இதழை உரித்து, பெண்பூவின் நடுவில் தம் கையாலேயே தடவிக்கொண்டு வரம்பு வரம்பாகக் குனிந்து திரிந்தார். பக்கத்துத் தோட்டத்துக் கத்தோலிக்கரான வின்சன்ட் அவர்கள் வேலியில் நின்று கூவியதை இன்றும் ஊர் சொல்லிச் சிரிக்கும்:

"சேர், நிக்காஹ் நடத்துறீங்களோ? எங்கட பூவெல்லாம் வேதக்காரப் பூ! உங்கட நிக்காஹ் செல்லாது, சுவாமியாரைக் கூப்பிடுங்கோ!"

"சுவாமியார் வரட்டும், வின்சன்ட். அதுவரைக்கும் நீங்கள் சாட்சிக்கு வந்து நில்லுங்கோ" என்றாராம் இவர். அன்று சாட்சிக்கு வந்தவர், மறுநாள் தாமும் பூக் கிள்ளினார்.

அதன்பின் வந்தவையே நாம் போற்றும் பணிகள். கூம்பிய பூவின்மேல் மாலைக் காற்று அடங்கிய வேளையில் மாத்திரம் மருந்து. அதுவும் புழுவைக் கண்ட பின்னரே. வேலியோரம் இரு முழ அகலத்துக்குக் களை பிடுங்காது, தும்பையும் ஆவாரையும் பூக்க விட்ட ஒழுங்கு. தேனீ குடியேற நிழலிற் கவிழ்த்து வைத்த மண்முட்டிகள். அவை தாகந்தீரக் கூழாங்கல் இட்ட தண்ணீர்ச் சட்டிகள். பிஞ்சு நின்றது, காய் பருத்தது, பூவைக் கையால் தடவிய நாள்கள் போயின.

இனி, எழுதுவதற்கு எமக்கே மனங்கனப்பதொன்று. வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட தொண்ணூறாம் ஆண்டு இடம்பெயர்ந்து புத்தளத்திற் குடியமர்ந்த குடும்பம் இவருடையது. துணைவியார் ஹிதாயா அவர்களும் பிள்ளைகளும் அங்கேயே வேரூன்றிவிட, இவர் மாத்திரம் இங்கே விடுதியறையில் ஒரு கட்டிலோடும் ஒரு கதிரையோடும் பதினான்கு ஆண்டுகளைக் கழித்தார். மாதத்தில் இரண்டு நாள் வீடு. வாசலில் ஏறியதும் ஹிதாயா அவர்கள் முதலிற் கேட்பது, "எப்ப திரும்பிப் போறீங்க?" என்பதே. இதனை இவர் ஒரேயொரு முறை எம்மிடம் சொன்னார், சொல்லிவிட்டுச் சிரித்தார். நாம் சிரிக்கவில்லை.

தாம் ஓய்வு பெற்றால் விடியலில் மிசின்கள் மீண்டும் முழங்குமோ என்பதே கடந்த ஓராண்டாக இவரை அரித்த கவலை. சென்ற மாதம் காய்ச்சல் கண்டு மூன்று நாள் படுத்தார். துணி கட்ட ஆளில்லை. அறைக்குள் கிடந்தபடி மிசின் ஒலிக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் தள்ளாடிச் சென்றபோது கம்பம் வெறுமையாக நின்றது. பூக்களிலோ தேனீக்கள் மொய்த்தன.

"ஒருத்தரும் மிசின் எடுக்கேல்லையோ?" என்று கேட்டார்.

"ஏன் எடுக்கப்போறம்?" என்றார் லூர்தம்மா அவர்கள். "பூ விரிஞ்சு கிடக்கிறது கண்ணுக்குத் தெரியுதுதானே. துணி எதுக்கு சேர்? அது உங்கட ஆறுதலுக்கு எண்டெல்லோ நாங்கள் நினைச்சனாங்கள்."

துணியைக் கட்டாமலே திரும்பி வந்தார். அன்று அவர் தேநீர் மேசையில் ஆறிப் போயிற்று. தாம் தேவைப்படாத ஒரு காலையை ஆக்குவதற்கே பதினான்கு ஆண்டுக் காலைகளையும் கொடுத்தவர் என்பதை நாமும் அன்றுதான் விளங்கிக்கொண்டோம்.

இன்று பூமாலை அணிவிக்க வந்த வின்சன்ட் அவர்கள், "சேர், என்ர பின்னறை சும்மாதானே கிடக்கு. இங்கயே இருங்கோவன்" என்று அழைத்தார். இவர் அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

இப்பெருந்தகைக்கு உடல் நலமும் உள்ள நிறைவும் உற்றாரின் அணைப்பும் குறைவின்றி வாய்க்க, எல்லாம் வல்லானை இறைஞ்சி, நிலைய ஊழியர் பதினொருவரும் கையொப்பமிடுகின்றோம். கடைசி வரியைத் தாமே சொல்வதாகக் கேட்டார், சொன்னபடியே பதிக்கின்றோம்:

"நாளைக்கு முதல் பஸ்ஸில புத்தளம் போறன். எப்ப திரும்பிப் போறீங்க எண்டு ஹிதாயா கேட்டா, இனிப் போகமாட்டன் எண்டு சொல்லுவன்."