பாமசிஸ்ட் இல்லாத கடை

முருங்கனில் இருந்து மன்னாருக்கு வந்த பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி சொந்தமாகப் பாமசி நடத்துகிறவள் என்பது பேச்சில் தெரிந்தது.

"எங்கட பாமசிஸ்ட் ஐயா செத்தும் வேலையை விடேல்லையடி," என்றாள் அவள்.

சிநேகிதி சிரித்தாள். "சம்பளமும் கேக்கிறாரோ?"

"பகிடி விடாதை. பாமசிஸ்ட் இல்லாமல் மருந்து விக்கக்கூடாது எண்டு சட்டம். எனக்கு வேற வருமானம் இல்லை. புது ஆள் கிடைக்குமட்டும் நானே வித்தனான். நேற்று தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன், கடைக்குள்ள இருந்து மருந்துக்கடையளைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் வெளியில வாறார்."

"ஐயோ! பிடிபட்டிட்டியே?"

"உங்கட பாமசிஸ்ட்டோட கதைச்சனான் எண்டார். வெள்ளைக் கோட்டுப் போட்ட வயசாளியாம். இடது கையாலதான் மருந்துகளைக் காட்டினவராம்."

"ஐயாவும் இடக்கையர்தானே..."

"ஓம்."

பஸ் பாலத்தில் ஏறியது. இருபக்கமும் கடல் அசையாமல் கிடந்தது.

"அப்ப நல்லதுதானேடி. பாமசிஸ்ட் இருக்கிறார் எண்டால் கடை தப்பீட்டுது."

"எங்கை தப்பினது? பூட்டிப்போட்டார். ஐயாதான் அவரிட்டைச் சொன்னவராம், 'நான் இல்லாத நேரம் இவ மருந்து விக்கிறா, கடையைப் பூட்டுங்கோ' எண்டு."