வெள்ளிக்கிழமை இரண்டாம் தட்டு

மேடையில் வீற்றிருக்கும் அகராதிக் குழுத் தலைவர் அவர்களே, லக்னோவின் சௌக்கிலிருந்தும் கோலாகஞ்சிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ரிஸ்வி சாஹிபின் மகள் நுஸ்ரத்தே, அனைவருக்கும் ஆதாப்.

நான் சொன்ன இந்த வணக்கம் அதபு என்ற சொல்லின் பன்மை. நல்லொழுக்கத்தைக் குறிக்கும் அந்த அதபுதான் மறைந்த பேரறிஞர் முஹ்தஷிம் ரிஸ்வி சாஹிபையும் என்னையும் பிரித்தது.

முப்பத்தோர் ஆண்டுகள் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து உருது அகராதி தொகுத்தோம். வியாழன்தோறும், "நாளைக்கு வருவீங்கல்ல?" என்பார். வெள்ளிதோறும் அவர் வீட்டில் ஷீர்மால் ரொட்டியும் குழம்பும் சாப்பிடுவேன். யாருக்கு வாய்க்கும் அப்படியொரு மூத்தவர்!

திருத்திய பதிப்புக்காக முதல் எழுத்துக்குத் திரும்பினோம். அதபு வந்தது. தலைமுறைகளாகத் தொடரும் பழக்கத்தைச் சுட்டும் அரபுச் சொல்லே அதன் மூலம் என்றேன் நான். விருந்துக்கு அழைப்பதைச் சுட்டும் சொல்தான் என்றார் அவர்.

"சக்சேனா சாஹிப், பழக்கம் மாட்டுக்கும் இருக்கு. சாப்பிட வாங்கன்னு கூப்பிடறது மனுஷன் மட்டும்தான்."

நான் வாயை அடக்கியிருக்கலாம். "நம்ம ஊர்ல பாதி அழைப்பு ஒப்புக்குத்தானே சாஹிப்" என்றேன். அலுவலகமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அந்த வியாழன் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அழையாத வீட்டுக்கு லக்னோக்காரன் எப்படிப் போவான்? நான் போகவில்லை. பிறகு அவர் அலுவலகத்துக்கு வருவது நின்றது; படுத்த படுக்கையானார் என்று கேள்விப்பட்டேன். அப்போதும் ஒரு சொல் வரட்டும் என்று காத்திருந்தேன். பதினான்கு மாதங்கள் காத்திருந்தேன். வந்தது மரணச் செய்தி.

அடக்கம் முடிந்ததும் நுஸ்ரத் என்னிடம் வந்தாள். "சாச்சா, அப்பா ஒவ்வொரு வெள்ளியும் உங்க தட்டையும் வைக்கச் சொன்னாங்க. 'ஆளனுப்பிக் கூப்பிடலாமேப்பா'ன்னு கேட்டேன். 'வீட்டு மனுஷனைக் கூப்பிடுவாங்களாம்மா? நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் அவர் ஒப்புக்குன்னு நினைச்சிட்டார்'ன்னாங்க."

அவையோரே, எனக்கு ஒன்றும் புரியவில்லை. அழைப்பே அதபு என்றவர் அழைக்கவில்லை. பழக்கமே அதபு என்ற நான் முப்பத்தோராண்டுப் பழக்கத்தை விட்டேன். எங்களில் யார் சரி? யாருக்கு யார் மரியாதை செய்தோம்? தட்டைப் பார்த்துப் பார்த்து அவர் என்னைத் திட்டினாரா, தேடினாரா? அதைக் கேட்கக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அகராதியை முடிப்போம் என்று உறுதி கூறச் சொல்கிறார் தலைவர். முடிப்பேன். அதபு என்ற சொல்லின்கீழ் அவர் சொன்ன மூலத்தை முதலில் எழுதுவேன், என்னுடையதை அடுத்து எழுதுவேன், இரண்டுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போடுவேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

நுஸ்ரத், நாளை வெள்ளிக்கிழமை. நீ என்னைக் கூப்பிட வேண்டாம் அம்மா. ஜும்மா தொழுகை முடிந்ததும் வந்துவிடுகிறேன்.