முடிக்க விடாத தொட்டி: பொறியாளர் செந்தாமரைக்கு

துக்கத்தோடு மேடையில் அமர்ந்திருக்கும் விவசாயிகள் சங்கத் தலைவர் பெரியவர் அரசப்பன் அவர்களே, தொழிற்சங்கத் தோழர்களே, ஓட்டுநர் நடத்துநர் நண்பர்களே, வயல் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் ஊர் மக்களே, முன்வரிசையில் மகளின் படத்தை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் தலைகுனிந்திருக்கும் காளியம்மாள் அம்மா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் இந்தப் பணிமனையின் போர்மேன் நௌஷாத்தின் வணக்கம்.

யாருக்காகக் கூடியிருக்கிறோம்? பணி ஓய்வு பெற்று, பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டுப் போனவருக்காகவா? இல்லையே! நாற்பது வயதைக்கூடத் தொடாத பொறியாளர் செந்தாமரை அவர்களுக்காக அல்லவா கூடியிருக்கிறோம்!

கும்பகோணத்தில் நம் பழைய பணிமனை இருந்த கதி தொழிலாளர்களுக்குத் தெரியும். பேருந்து கழுவிய தண்ணீரும் கழிவு எண்ணெயும் கலந்த சேற்றில் நின்றுதான் வேலை பார்த்தோம். மழை வந்தால் அத்தனையும் சாக்கடைக்குப் போகும். அங்கிருந்து எங்கே போகிறது என்று யார் கேட்டார்கள்? செந்தாமரை கேட்டார். அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்த வாய்க்கால் ஓரத்து வயல்களில்தான் அவருடைய அம்மா நடவு நட்டு அவரைப் படிக்க வைத்தார்.

புறவழிச்சாலையில் புதிய பணிமனை கட்டும் பொறுப்பு அவரிடம் வந்தது. கூரை முழுக்க சூரியத் தகடு, மின்சாரப் பேருந்துக்குச் சார்ஜ் ஏற்றும் இடம், பகலில் விளக்கே தேவைப்படாத கொட்டகை என்று எல்லாம் யோசித்தார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தொட்டி! பேருந்து கழுவிய தண்ணீர் அதற்குள் போகும். சேறு அடியில் தங்கும், எண்ணெய் மேலே பிரியும், தெளிந்த தண்ணீர் மறுபடி பேருந்து கழுவவே வரும். வயல் பக்கத்தில் பணிமனை கூடாதென்று ஊரே மறித்து நின்றபோது, அரசப்பன் ஐயா முன்னால் தரையில் உட்கார்ந்து சொன்னார்: “பெரியப்பா, ஒரு சொட்டு எண்ணெய் வெளில வராது. என்னை நம்புங்க.”

நம்பினார்கள். அவர் ஒருவர் பேச்சை நம்பித்தான் வழிவிட்டார்கள்.

கூரை வந்தது. தகடு வந்தது. தொட்டி மட்டும், குழி தோண்டி ஒரு பக்கச் சுவர் எழும்பிய நிலையில் அப்படியே நின்றது. அதற்குள் திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். மேலதிகாரியிடம் செந்தாமரை கெஞ்சியபோது நான் பக்கத்தில் நின்றேன்.

“சார், தொட்டி முடியாம வண்டி கழுவ ஆரம்பிச்சா அவ்வளவும் வாய்க்காலுக்குத்தான் போகும் சார்.”

“பூமிக்கடியில இருக்கப் போறதை யாரும்மா பாக்கப் போறாங்க? அப்புறம் பாத்துக்கலாம்.”

“வயல்ல நிக்கிறவங்க பாப்பாங்க சார்.”

அடுத்த வாரமே அவருக்குப் பட்டுக்கோட்டைக்கு மாற்றல். விழா நடந்தது. ‘பசுமைப் பணிமனை’ என்று வாசலில் பலகை ஏறியது. பேசியவர்களில் ஒருவர் வாயிலும் அவர் பெயர் வரவில்லை.

பசுமையாம்! ஐப்பசி மழையில் அந்தப் பசுமையைப் பார்த்தோமே! நட்டு வேர்பிடித்த சம்பாப் பயிருக்கு நடுவே எண்ணெய் படலம் படலமாக மிதந்தது. பயிர் கருகியது. ஊர்க்காரர்கள் யாரைத் திட்டினார்கள்? ரிப்பன் வெட்டியவர்களையா? வாக்குக் கொடுத்தவரைத்தான் திட்டினார்கள். அரசப்பன் ஐயா போனில் கேட்டாராம்: “ஏம்மா, எங்க வயித்துல நீயே அடிச்சிட்டியேம்மா?”  செந்தாமரை, “காலையில வரேன் பெரியப்பா” என்று மட்டும் சொன்னாராம். இதை ஐயாவே என்னிடம் சொல்லி அழுதார்.

விடுப்புப் போட்டுவிட்டு, கொட்டும் மழையில் வந்து இறங்கினார். தொட்டிக் குழியிலிருந்து தண்ணீர் வாய்க்காலுக்குப் பாயும் வாயை மணல் மூட்டையால் அடைத்து, இப்போதைக்கு அந்தக் குழியிலேயே தேக்கலாம் என்றார். ஊர்க்காரர்களும் நாங்களும் சேர்ந்து மூட்டை சுமந்தோம். சரிந்து கிடந்த மூட்டை ஒன்றை நிமிர்த்த அவரே குழிக்குள் இறங்கினார்.

“மேடம், மண்ணு ஊறிக் கெடக்கு. ஏறி வந்துடுங்க!” என்று கத்தினேன்.

“இதோ வந்துட்டேன் நௌஷாத்” என்றார்.

சுவர் சரிந்தது.

அரசப்பன் ஐயா வெறுங்கையால் மண்ணை அள்ளினார். “எந்திரிம்மா, கோவத்துல சொல்லிட்டேன்மா, எந்திரி” என்று சொல்லிக்கொண்டே அள்ளினார். வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

என்ன சொல்லித் தேற்றுவது? அவருக்குக் கொள்ளி வைத்த அன்றும் பேருந்துகள் கழுவப்பட்டன. அதே எண்ணெய் அதே வயலுக்குப் போனது. காளியம்மாள் அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டார்: “எம்மவ உசுர விடுற அளவுக்கு அந்தத் தொட்டியில என்ன தம்பி இருந்துச்சு?”  

அவர் கனவை நனவாக்குவோம் என்று சொல்லி நான் இறங்கியிருக்க வேண்டும். அப்படிச் சொன்னால் அது பொய். தொட்டியை முடிக்கும் அதிகாரம் நம்மிடம் இல்லை. முடிப்பார்கள் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. கருகிய பயிர் திரும்பாது. செந்தாமரை திரும்பவே மாட்டார்! நம் கையில் மிஞ்சியிருப்பது தண்ணீர்க் குழாய் ஒன்றுதான். தோழர்களே, நாளைக் காலை முதல் இந்தப் பணிமனையில் ஒரு பேருந்தையும் கழுவ மாட்டோம். மெமோ வரட்டும், மாற்றல் வரட்டும். தொட்டி முடியும்வரை சேறும் தூசியுமாகவே வண்டி ஓடட்டும். “ஏன்யா வண்டி இவ்வளவு அழுக்கா இருக்கு?” என்று பயணிகள் முகம் சுளித்துக் கேட்டால், நடத்துநர் தோழர்களே, பொறியாளர் செந்தாமரையின் பெயரைச் சொல்லுங்கள்.