மன்னார் ஆனந்தன்

– அந்த வண்டிய அணைம்மா! கத்திகினே கீது, ஒண்ணும் கேக்கல.

– பத்து நிமிஷம் ஓடணும், குணசேகரன் சார். வாராவாரம் ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும் ஓடவிடுன்னு சொல்லிட்டுப் போனாரு. திங்கக்கிழமை போன்லகூட அதான் கேட்டாரு. "எவா, வண்டி எழுந்துச்சா?"

– உன் புருசன் பெனிட்டோ எப்பவும் அப்டித்தான்... ஆங், அணைச்சிட்டியா. இந்தா, இதுல கையெழுத்து போடு.

– பாஸ்போர்ட் எங்க?

– இன்னாம்மா, வாசல்லயே நிக்க வெச்சி...

– நீங்க வாங்கி வெச்சிருக்கற அவரோட பாஸ்போர்ட்ட குடுத்தாதான் கையெழுத்துன்னு சொன்னேன்ல?

– பையில கீதும்மா. வானகரத்துலேருந்து நெமிலிச்சேரி வரிக்கும் இந்த வெயில்ல வந்துகீறேன். மொதல்ல தண்ணி குடு.

– குழாய் அங்க இருக்கு.

– ...உனக்கு என் மேல கோவம்.

– கோவமா? லண்டன் கோர்ட்டு வரைக்கும் எங்க பேர கொண்டுபோனவரு நீங்க. அதுவும் எங்க பேருகூட இல்ல.

– அது ரூட்டும்மா! இந்தியாக்காரன்னு சொன்னா அங்க எவன் அடைக்கலம் குடுப்பான்? பேரு ஆனந்தன், ஊரு இலங்கையில மன்னாருன்னா ஒரு மதிப்பு. கிறிஸ்டியன் வேற, அப்டியே பொருந்திச்சி.

– ரொம்பப் பொருந்திச்சு. மன்னாரு தீவுன்னாவது சொல்லிக் குடுத்தீங்களா? ஜட்ஜ் கடலப் பத்திக் கேட்டாரு. இவரு திருமழிசை ஏரியப் பத்தி சொல்லிட்டு வந்தாரு.

– அதான் ரெண்டாவது தபா உள்ளதச் சொல்ல வெச்சேன்ல?

– ஆமா. ஏரி மண்ண அள்ளினவங்களுக்கு எதிரா சாட்சி சொன்னேன், கைய வெட்டினாங்கன்னு தழும்ப காட்டினாரு. இது மொதல்லயே உனக்குத் தெரியும்ல, அப்ப ஏன் சொல்லலன்னு கேட்டாங்க. அன்னிக்கு புளுகினவன் இன்னிக்கு சொல்றத எப்படி நம்பறதுன்னு தள்ளிட்டாங்க.

– அது ஒரு ஜட்ஜும்மா...

– மேல் கோர்ட்டுக்கும்தான் போனீங்க. இதுல சத்தே இல்ல, நேர்ல வந்து வாதாடவும் வழி இல்லன்னு கதவ சாத்திட்டாங்க.

– பழசையே கொண்டுபோனா சாத்துவான். புச்சா ஒண்ணு வேணும். அதான் நீ! போன மாசம் அவனுங்க ஊட்டாண்ட வந்து கத்திய காட்டுனாங்கன்னு...

– யாரும் வரலையே.

– வந்தாங்கன்னு எழுதிகீறேன்ல! கையெழுத்து மட்டும் உன்னுது.

– கையில வெட்டு இருந்தப்ப அத மறைக்கச் சொன்னீங்க. இப்ப வராத ஆளுங்கள வரவைக்கறீங்க. இதையே தொழிலா வெச்சு வானகரத்துல மாடி வேற எழுப்பிட்டீங்க.

– பேசு, பேசு. உன் புருசன் அங்க நெலையா நிக்கணுமா, வேணாமா?

– அவரு இதுக்கு ஒத்துக்கிட்டாரா?

– ஒத்துக்கிட்டாராவா? நேத்துகூட பேசினேன்மா! செம குஷியா கீறாரு. "அண்ணாத்தே, எவாகிட்ட கையெழுத்து மட்டும் வாங்கிடு, இந்த தபா ஜெயிச்சிடுவேன்"னாரு.

– நேத்தா?

– நேத்துதான்.

– நல்லா யோசிச்சு சொல்லுங்க.

– இன்னாம்மா, போலீசு மாரி... இந்தா பாஸ்போர்ட். அவரு போட்டோதான, பாத்துக்கோ. இப்ப போடு கையெழுத்து.

– இருங்க... பெனிட்டோ வேதமுத்து. பொறந்த எடம் ஆவடி... சரியா இருக்கு.

– அத ஏன் உள்ள எடுத்து வெக்கற? அத வெச்சிகினு இன்னா பண்ணுவ? அதால அவரு வந்துடப் போறாரா?

– வருவாரு. செவ்வாய்க்கிழமை, கார் கழுவற எடத்துல நெஞ்ச புடிச்சிக்கிட்டு விழுந்தவரு எழுந்திருக்கல. கூட வேல பாக்கற தம்பி, முகமது ஆசிக்தான் அழுதுக்கிட்டே போன் பண்ணுச்சு. அன்னியிலேருந்து பிணவறையில கெடக்கறாரு, கால்ல மன்னார் ஆனந்தன்னு சீட்டு கட்டி. எங்க ஆளுதான்னு பாஸ்போர்ட் காட்டினாத்தான் ஊருக்கு அனுப்புவாங்களாம்... நேத்து குஷியா பேசினவர்கிட்டயே கையெழுத்து வாங்கிக்கோங்க, சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வண்டிக்கு இன்னும் பத்து நிமிஷம் ஆகல. ஒரே உதைதான்... பாருங்க, எழுந்துடுச்சு.